ஆட்டமும் ஆர்வமும்

ஸ்காத்லாந்து நாட்டுப் பாராளுமன்றம் 1457ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. கோல்ப் என்னும் ஆட்டத்தை மக்கள் அறவே கைவிட வேண்டும் என்பது அச்சட்டம். அக்காலத்தில் ஸ்காத்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் பகைமை ஓயாது இருந்தது. வில்வித்தை பயில வேண்டிய இளைஞர் தம் பொழுதைப் பந்தடித்துக் கழிக்கின்றனர் என்று இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் அரசு கவலை கொண்டது. ஆயினும் சட்டம் பெரும்பயன் விளைத்ததாகத் தெரியவில்லை. 1471ஆம் ஆண்டிலும் 1491ஆம் ஆண்டிலும் அதே தடையை மீண்டும் விதிக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் தடை விதிக்கப்பட்டபோது அரியணையில் இருந்தவர் நான்காம் ஜேம்ஸ். அவரே 1502ஆம் ஆண்டில், பெர்த் நகரத்தில் வில் செய்து விற்பவன் ஒருவனிடம் தமக்கென்று கோல்ப் மட்டைகள் வாங்கினார் என்பது அரண்மனைக் கணக்கிலிருந்து தெரிய வருகிறது!

மன்னரையும் வென்ற அந்த ஆர்வம் எங்கிருந்து பிறக்கிறது? நன்றாக ஆடியவர்க்கு மீண்டும் ஆட வேண்டும் என்னும் விருப்பம் மிகும். சரியாக ஆடாதவர்க்கு அது குறையும். எவரும் இவ்வாறுதான் விடை கூறுவர். ஆனால், கோல்ப் ஆடியோரின் வரலாற்றைப் படித்தால் அவ்விடை பாதியளவே உண்மை என்பது புலனாகும்.

இவ்வாட்டத்தின் அமைப்பை முதலில் அறிதல் நலம். பரந்த புல்வெளியில் 18 குழிகள் ஒன்றுக்கொன்று தொலைவில் அமைந்திருக்கும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு தொடக்க இடம் உண்டு. அங்கே வைத்த சிறு பந்தை மட்டையால் அடித்து, மரங்களுக்கும் நீர்நிலைகளுக்கும் மணற்பள்ளங்களுக்கும் தப்புவித்து, இறுதியில் குழிக்குள் விழச் செய்ய வேண்டும். இடையிலுள்ள தொலைவு நூறு யார்டு அளவினதாகவும் இருக்கலாம். ஐந்நூறு யார்டுக்கு மேற்பட்டதாகவும் இருக்கலாம். குழியின் குறுக்களவோ 4.25 அங்குலந்தான். பதினெட்டுக் குழிகளையும் ஆடி முடிப்பது ஒரு சுற்று எனப்படும். எவர் குறைந்த அடிகளில் சுற்றை முடிக்கிறாரோ அவரே வென்றவர். மற்ற ஆட்டங்களில் எண் கூடக்கூடப் பெருமை. இவ்வாட்டத்தில் எண் குறையக் குறையப் பெருமை. தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடிகள் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஓர் அளவு வைத்துள்ளனர். அதற்குப் ‘பார்’ என்று பெயர். பெரும்பாலான திடல்களில் ஒரு சுற்றின் பார் 72 அல்லது அதற்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். ஓய்வு நாளில் மட்டும் ஆடும் ஒருவர் நூறு அடிகளுக்குள் சுற்றை முடித்துவிட்டால் மகிழ்ச்சியோடு வீடு திரும்புவார்.

இவ்வாட்டத்திற்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. கிரிக்கெட்டிலோ டென்னிசிலோ எதிரி அனுப்பும் பந்தைத்தான் அடிக்கிறோம். அடி தவறினால், பந்து கடுமையாக வந்தது என்று கூறித் தேறலாம். கோல்பில் பந்து அசையாமல் தரையிற் கிடக்கிறது. அதனைத் தடுப்பார் இல்லை, பறிப்பார் இல்லை. நின்று, நிதானித்து, எண்ணிப் பார்த்து அடிக்கலாம். அவ்வாறு அடித்தும் தவறினால் பழி சுமத்துவதற்கு வேறு ஆள் கிடையாது. ஆதலின் வெற்றியும் தோல்வியும் இங்கே நேராக நெஞ்சில் சென்று தைக்கின்றன.

நடுத்தர ஆட்டக்காரர் ஒருவர் ஒரு சுற்றில் நூறு அடிகள் அடிக்கிறார் என்று கொள்க. அவற்றுள் பெரும்பாலானவை அவர் விரும்பியவாறு செல்வதில்லை. சில புல்லைப் பெயர்க்கும். சில மரத்தில் மோதும். சில நீரில் விழும். ஆயினும் ஓரடி மட்டும் எப்படியோ பொருந்திவிடும். மட்டையின் நடுவிடம் பந்தின்மேல் பட்டது கைக்கே தெரியாது. பந்து எழுந்து, நீல வானத்தில் சிறிது நின்றாற்போல் தோன்றி, கொடி நட்ட குழியின் அருகே மெல்ல இறங்கும். வீடு திரும்பும் வழியில் அவர் நினைவில் நிற்பது மற்றைத் தொண்ணூற்றொன்பது அடிகள் அல்ல, அந்த ஓரடிதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைத் திடலுக்கு அழைத்துவருவதும் அதுவே.

இதற்கு உளநூலார் கூறும் காரணம் ஒன்று உண்டு. அமெரிக்க உளநூல் அறிஞர் ஸ்கின்னர், பெர்ஸ்டர் என்பவரோடு சேர்ந்து 1957ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். புறாக்களை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள் அதில் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. கூட்டிலுள்ள ஒரு வட்டைப் புறா அலகால் கொத்தினால் தானியம் விழும். கொத்திய ஒவ்வொரு முறையும் தானியம் பெற்றுப் பழகிய புறா, தானியம் வருவது நின்றதும் சிறிது நேரத்தில் கொத்துவதை விட்டுவிடுகிறது. எந்தக் கொத்துக்குத் தானியம் விழும் என்று அறிய இயலாதவாறு இடையிடையே பெற்றுப் பழகிய புறாவோ, தானியம் நின்ற பின்பும் நெடுநேரம் ஓயாது கொத்துகிறது. எப்போதோ கிடைக்கும் பயன், எப்போதும் கிடைக்கும் பயனைக் காட்டிலும் வலிய பிணிப்பாகிவிடுகிறது.

தம்மைப் புறாவோடு ஒப்பிடுவது கோல்ப் ஆடுவோர்க்கு உவப்பாக இராது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. புறா தானியத்திற்காகக் கொத்துகிறது. தானியம் விழுவது கூட்டைச் செய்தவர் கையில் உள்ளது. மட்டை பிடித்தவரோ, “இந்த அடியை அடித்தவன் நானே, ஆகவே மீண்டும் என்னால் அடிக்க இயலும்” என்று எண்ணுகிறார். தானியத்தை நினைப்பது வேறு. தன் திறனை நினைப்பது வேறு. ஓரடியால் உண்டாகும் ஆர்வத்தில் இவ்விரண்டும் கலந்தே இருக்கின்றன.

இனி, ஓரடியன்றி ஒரு சுற்று முழுவதுமே நன்கு அமைந்துவிட்டால் என்னாகும்? ஜெசிக்கா விட் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவர்தம் குழுவினரும் 2008ஆம் ஆண்டில் ஒரு சுவையான ஆய்வை வெளியிட்டனர். அன்றைய சுற்றை ஆடி முடித்து வந்த 46 பேரிடம் ஓர் அட்டையைக் காட்டினர். அதில் 9 செண்டிமீட்டர் முதல் 13 செண்டிமீட்டர் வரை குறுக்களவுள்ள ஒன்பது கரிய வட்டங்கள் ஒட்டப்பட்டிருந்தன. கோல்ப் குழியின் அளவுக்கு ஒத்த வட்டத்தைத் தெரிந்தெடுக்குமாறு கேட்டனர். குழியின் உண்மையான குறுக்களவு 10.8 செண்டிமீட்டர். அன்று நன்றாக ஆடியவர்கள் பெரிய வட்டங்களையும், சரியாக ஆடாதவர்கள் சிறிய வட்டங்களையும் சுட்டும் போக்கு தென்பட்டது. குழி என்னவோ எல்லார்க்கும் ஒன்றுதான். நன்றாக ஆடியவர் அதனைப் பெரிதாகவே கண்டாரா, அல்லது பின்னர் நினைத்துப் பார்க்கையில் அது பெரிதாகத் தோன்றிற்றா என்பது பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், பெரிய குழியை நெஞ்சில் ஏந்திச் செல்பவர்க்கு அடுத்த சுற்று எப்போது வரும் என்றிருப்பது இயல்பே.

ஆனால், அந்த அடுத்த சுற்றில்தான் இடர் காத்திருக்கிறது. வழக்கமாக 95 அடிகளில் முடிப்பவர் ஒருநாள் 87 அடிகளில் முடித்தார் என்று கொள்க. அந்த எட்டு அடிகள் எவ்வாறு குறைந்தன? சிறிது அவருடைய திறமையால் குறைந்திருக்கலாம். காற்று அடங்கியிருந்தமையும், மரத்தில் மோதிய பந்து நல்ல இடத்தில் வந்து விழுந்தமையும், நெடுந்தொலைவிலிருந்து உருட்டிய பந்து குழியைத் தேடிச் சென்றமையும் மிகுதியான காரணங்களாக இருக்கும். திறமை மறுவாரமும் உடன்வரும். நற்பேறு வரும் என்று சொல்வதற்கில்லை. ஆகவே மறுவாரம் அவர் எண்ணிக்கை 95க்கு அருகே திரும்பிவிடுவதே பெரும்பாலும் நிகழும். அளவு மீறிய ஒன்றை அடுத்து வருவது சராசரியை நோக்கித் திரும்பும் இவ்வியல்பை, பெற்றோர் பிள்ளைகள் ஆகியோரின் உயரங்களை அளந்து ஆராய்ந்த பிரான்சிஸ் கால்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1886ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். நெட்டையரின் பிள்ளைகள் சராசரியைவிட உயரமாக இருப்பினும், பெற்றோர் அளவுக்கு உயரமாக இருப்பதில்லை என்று அவர் கண்டார்.

கோல்ப் ஆடுபவர் இதனை அறிந்திருந்தாலும் அவர் மனம் ஏற்பதில்லை. 87 என்னும் எண்ணே இனித் தமக்குரியது என்று அது முடிவு செய்துவிடுகிறது. ஆகவே, முன்பு 95 அடித்து மகிழ்ந்தவர் இப்போது 95 அடித்து வருந்துகிறார். எண்ணிக்கை மாறவில்லை, அதனைச் சுவைக்கும் நா மாறிவிட்டது. ஓராண்டுக் காலத்தில் மிக நன்றாக ஆடிய நாளை அடுத்து வரும் நாளே பலர்க்கு மிகவும் கசப்பான நாளாகிவிடுவது இதனாலேதான். மிக மோசமாக ஆடிய நாளுக்கு அடுத்த நாளோ, எதிர்பாராத இனிமையைக் கொண்டு வருகிறது!

மனம் இவ்வாறு தன் அளவுகோலை உயர்த்திக்கொள்வதை, பெர்லினில் குர்ட் லெவினிடம் பயின்ற பெர்டினாண்ட் ஹாப்பே என்பவர் 1930ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டார். ஒரு செயலில் வெற்றி பெற்றவர்கள் அடுத்த முறை தம் குறிக்கோளை உயர்த்துகின்றனர், தோற்றவர்கள் தாழ்த்துகின்றனர். மிக எளிதான செயலில் வென்றால் அது வெற்றியாகத் தோன்றுவதில்லை. இயலவே இயலாத செயலில் தவறினால் அது தோல்வியாகவும் தோன்றுவதில்லை. இயலும், ஆயினும் எளிதன்று என்னும் இடைவெளியில்தான் வெற்றியும் தோல்வியும் உயிர் பெறுகின்றன. இவை ஹாப்பே கண்ட உண்மைகள்.

கோல்ப் கழகங்கள் இந்த இடைவெளியை விதியாலேயே காத்து வருகின்றன. திறமை குறைந்தவரும் மிகுந்தவரும் ஒருங்கே ஆடும் பொருட்டு, ஒவ்வொருவர்க்கும் அவர் திறனுக்கு ஏற்பச் சில அடிகள் கழித்துக் கொடுக்கப்படும். இதற்கு ‘ஹாண்டிகாப்’ என்று பெயர். 2020ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உலகப் பொதுமுறையின்படி, ஒருவர் அண்மையில் ஆடிய 20 சுற்றுகளுள் சிறந்த எட்டைக் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. நன்றாக ஆட ஆட, கழித்துக் கொடுக்கும் அடிகள் குறைந்துகொண்டே வரும். நேற்று பரிசு பெற்றுத் தந்த ஆட்டம் நாளைக்குப் போதாது. வெற்றிக்கு வரி விதிப்பதுபோல் இது தோன்றலாம். ஆனால் அவ்வாறு இல்லையெனில், வெல்பவர்க்கு ஆட்டம் விரைவில் உப்பின்றிப் போய்விடும்.

இதுவரை கூறியவை ஓய்வுநாள் ஆட்டக்காரரைப் பற்றியன. உலகிலேயே சிறந்த ஆட்டக்காரர் ஒருவர் எல்லா வெற்றிகளையும் பெற்றுவிட்டால் அவர் ஆர்வம் என்னாகும்? இவ்வினாவுக்குப் பாபி ஜோன்ஸின் வாழ்க்கை விடையாக அமைந்துள்ளது.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் 1902ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் ஜோன்ஸ் பிறந்தார். பதினான்கு வயதில், பிலடெல்பியா நகருக்கு அருகிலுள்ள மெரியன் திடலில் நடந்த அமெரிக்க அமெச்சூர் போட்டியிற் கலந்துகொண்டு எல்லாரையும் வியக்கச் செய்தார். பெரும்புகழ் அடுத்த ஆண்டே வரும் என்று பலரும் எண்ணினர். ஆனால், முதல் பெரும்போட்டியை வெல்வதற்கு அவர் ஏழாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. திறமையில் குறைவில்லை, சினந்தான் குறுக்கே நின்றது. ஓரடி தவறினால் மட்டையை வீசி எறிவார்; தம்மையே நொந்துகொள்வார்.

1921ஆம் ஆண்டில் அவர் முதன்முறையாக ஸ்காத்லாந்து சென்றார். கோல்பின் தாயகமாகிய செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி நடைபெற்றது. மூன்றாம் சுற்றின் முதல் ஒன்பது குழிகளுக்கு 46 அடிகள் ஆயின. பத்தாம் குழிக்கு ஆறு அடிகள் ஆயின. பதினோராம் குழியில் பந்து மணற்பள்ளத்திற் சிக்கிக்கொண்டது. ஜோன்ஸ் பொறுமை இழந்தார். பந்தை எடுத்துக்கொண்டு போட்டியினின்றும் விலகிவிட்டார். அத்திடலையும் வெறுத்தார். அந்த வெட்கத்தை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

அதன்பின் அவர் தம்மை மாற்றிக்கொள்ளத் தொடங்கினார். எதிரில் ஆடுபவரை நோக்காமல், ‘பார்’ என்னும் எண்ணையே எதிரியாகக் கருதி ஆடக் கற்றார். அந்த எதிரி ஒருநாளும் தவறுவதில்லை. ஒருநாளும் அற்புதம் நிகழ்த்துவதுமில்லை. அதனோடு பொறுமையாக நடந்து சென்றால் போதும். 1923ஆம் ஆண்டில் அமெரிக்க ஓப்பன் போட்டியில் அவர் வென்றார். 1925ஆம் ஆண்டின் அதே போட்டியில், புல்லிற் கிடந்த பந்து தாம் அடிக்க முனைகையில் சிறிது அசைந்துவிட்டது என்று தாமே கூறி, தம் கணக்கில் ஓரடி கூட்டிக்கொண்டார். அதனை வேறு எவரும் பார்க்கவில்லை. அந்தப் போட்டியில் இருவர் சமமாக முடித்ததால் மீண்டும் ஆட நேர்ந்தது. ஜோன்ஸ் ஓரடியால் தோற்றார்.

1923 முதல் 1930 வரையிலான எட்டாண்டுகளில் அவர் வென்ற பெரும்போட்டிகள் பதின்மூன்று. இத்தனைக்கும் அவர் பணத்திற்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர். ஜார்ஜியாவில் பொறியியலும், ஹார்வர்டில் ஆங்கில இலக்கியமும், பின்னர்ச் சட்டமும் பயின்று வழக்கறிஞரானவர். போட்டிகளுக்கு இடையே திங்கள் கணக்கில் மட்டையைத் தொடாமலும் இருப்பார்.

புகழ் வளர வளர அவர் ஆர்வமும் வளர்ந்ததா? வெளியே பார்த்தவர்கள் அவ்வாறே எண்ணினர். உள்ளே நிகழ்ந்தது வேறு. பெரும்போட்டி நடக்கும் நாட்களில் அவருக்கு உணவு செல்லாது. ஒவ்வொரு போட்டியிலும் பல பவுண்டு எடை குறைந்துவிடும். நரம்புகள் முறுக்கேறி நிற்கும். அவர் வென்றால் மக்கள் வியப்பதில்லை, அது எதிர்பார்த்ததே. தோற்றால் செய்தித்தாள்கள் அனைத்திலும் அதுவே செய்தி. வெற்றியினால் பெறக்கூடியது குறைந்துகொண்டே வந்தது. தோல்வியினால் இழக்கக்கூடியது பெருகிக்கொண்டே வந்தது. ஹாப்பே கூறிய அளவுகோல் இங்கே ஜோன்ஸின் கையில்கூட இல்லை. ஊரார் கையில் இருந்தது.

1930ஆம் ஆண்டில், அந்நாளில் மிகப் பெரியனவாகக் கருதப்பட்ட நான்கு போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்றுவிட வேண்டும் என்று அவர் உள்ளத்தில் உறுதி கொண்டார். அதனை வெளியே பறைசாற்றவில்லை. மே திங்களில் செயிண்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் அமெச்சூர், ஜூன் திங்களில் ஹாய்லேக்கில் பிரிட்டிஷ் ஓப்பன், ஜூலைத் திங்களில் மினியாபொலிஸ் நகருக்கு அருகே அமெரிக்க ஓப்பன் என மூன்றும் கைகூடின. எஞ்சியது அமெரிக்க அமெச்சூர் ஒன்றே. அது நடந்த இடம் மெரியன். பதினான்கு வயதுச் சிறுவனாக அவர் முதன்முதலில் வந்து நின்ற அதே திடல். பல்லாயிரவர் திரண்டனர். கூட்ட நெரிசலிலிருந்து அவரைக் காக்கக் கடற்படை வீரர்கள் உடன் நடந்தனர். செப்டம்பர் 27ஆம் நாள், இறுதி ஆட்டத்தில் யூஜீன் ஹோமன்ஸ் என்பவரை அவர் எளிதாக வென்றார். ஒரே ஆண்டில் அந்நான்கையும் வென்றவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இதன்பின் ஏழு வாரங்கள் கழித்து, நவம்பர்த் திங்களில், போட்டி ஆட்டத்தினின்றும் ஓய்வு பெறுவதாக ஜோன்ஸ் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

உலகம் திகைத்தது. ஆடத் தெரியாமல் விட்டவர் பலர். இத்துணை நன்றாக ஆடி விட்டவர் எவர்? ஆனால், அவர் நிலையை எண்ணிப் பார்த்தால் திகைப்பு நீங்கும். மலையேறுபவரை இழுப்பது எதிரே உயர்ந்து நிற்கும் மலை. உச்சியில் நிற்பவர்க்கு எதிரே ஒன்றும் இல்லை. கீழே பள்ளந்தான் உண்டு. பட்டத்தைப் பெறுவதற்காக ஆடுவதும், பெற்ற பட்டத்தை இழவாதிருப்பதற்காக ஆடுவதும் ஒன்றல்ல. முன்னதில் விருப்பம் உண்டு. பின்னதில் அச்சமே மிகுதி. ஜோன்ஸ் அந்த அச்சத்தைத்தான் விட்டொழித்தார் என்று கூறுவது பொருந்தும். ஆட்டத்தின் மேல் கொண்ட விருப்பத்தை விட்டார் என்று கூறுதல் பொருந்தாது. மறு ஆண்டே கோல்ப் ஆடும் முறையை விளக்கும் திரைப்படங்களில் நடித்தார். ஜார்ஜியாவில் அகஸ்தா என்னும் ஊரில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு திடல் அமைத்தார். 1934ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய ‘மாஸ்டர்ஸ்’ போட்டி இன்று உலகப்புகழ் பெற்று விளங்குகிறது.

வெற்றி எல்லாரையும் ஒரே வகையாகத் தொடுவதில்லை என்பதற்கு டெக்சாஸ் மாநிலத்தவர் இருவர் சான்றாவர். பைரன் நெல்சன், பென் ஹோகன் ஆகிய இருவரும் 1912ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். போர்ட் வொர்த் நகரில் ஒரே கழகத்தில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்து வளர்ந்தவர்கள். 1945ஆம் ஆண்டில் நெல்சன் தொடர்ந்து பதினொரு போட்டிகளில் வென்றார். அவ்வாண்டில் வென்றவை மொத்தம் பதினெட்டு. அத்தகைய தொடர்வெற்றியை வேறு எவரும் பெற்றதில்லை. ஆனால், அவர் மனம் ஒரு பண்ணையின்மேல் இருந்தது. ஒவ்வொரு பரிசுத் தொகையையும் இத்தனை மாடு, இத்தனை ஏக்கர் நிலம் என்றே அவர் கணக்கிட்டார். நிலம் வாங்கியதும் 1946ஆம் ஆண்டில், முப்பத்துநான்காம் வயதில், போட்டிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டுப் பண்ணைக்குச் சென்றார். வெற்றி அவருக்கு ஏணி. ஏறியபின் ஏணியிலேயே நிற்க அவர் விரும்பவில்லை.

ஹோகனுடைய செய்தியோ இதற்கு மாறானது. அவருக்கு ஆட்டத்தைவிடப் பயிற்சி இனித்தது. கை கொப்பளிக்கும்வரை நாள்தோறும் பந்தடித்துப் பழகுவார். போட்டியில் வென்ற நாளிலும் தாம் தவறிய அடிகளையே எண்ணிக்கொண்டிருப்பார். எண்ணிக்கை எவ்வளவு குறைந்தாலும், செம்மையான அடி என்பது எட்டாத தொலைவிலேயே இருந்தது. அதனால் அவர்க்கு உச்சி என்று ஒன்று வரவே இல்லை. 1949ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2ஆம் நாள் அவர் சென்ற மோட்டார் வண்டியின்மீது ஒரு பேருந்து மோதியது. இடுப்பெலும்பும் தோளெலும்பும் கணுக்காலும் முறிந்தன. மீண்டும் நடப்பாரோ என்று ஐயுற்றனர். பதினாறு திங்களுக்குப் பின், கால்களில் துணி சுற்றிக்கொண்டு, வலியைப் பொறுத்து நடந்து, 1950ஆம் ஆண்டின் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றார். அப்போட்டி நடந்த இடமும் மெரியனே. ஜோன்ஸின் ஆர்வம் நிறைவெய்திய அதே புல்தரையில் ஹோகனின் ஆர்வம் புத்துயிர் பெற்றது!

அண்மைக் காலத்திலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. வட அயர்லாந்தைச் சேர்ந்த ரோரி மெக்கில்ராய் 2014ஆம் ஆண்டுக்குள் மூன்று பெரும்போட்டிகளில் வென்றிருந்தார். எஞ்சிய மாஸ்டர்ஸ் பட்டம் மட்டும் அவர் கைக்கு எட்டாமல் நழுவிக்கொண்டே இருந்தது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அதனையும் வென்றார். புல்தரையில் முழந்தாளிட்டு அழுதார். அடுத்த சில வாரங்களில் அவர் ஆட்டம் தளர்ந்தது. நெடுங்காலம் துரத்திய ஒன்றைப் பிடித்துவிட்டபின், அடுத்து எதனைத் துரத்துவது என்பதில் ஊக்கம் கொள்வது கடினமாக இருப்பதாக அவரே செய்தியாளரிடம் கூறினார். அவ்வாண்டு செப்டம்பரில், தம் மக்கள் திரண்டு நின்று பார்க்க, அயர்லாந்து ஓப்பன் போட்டியில் அவர் மீண்டும் வென்றார்.

ஜோன்ஸைப் பற்றி இன்னும் ஒரு செய்தி எஞ்சியுள்ளது. 1936ஆம் ஆண்டில், பெர்லின் ஒலிம்பிக் விழாவைக் காணச் செல்லும் வழியில், அவர் நண்பர்களோடு ஸ்காத்லாந்தில் தங்கினார். இவ்வளவு அருகில் வந்துவிட்டு செயிண்ட் ஆண்ட்ரூஸில் ஒரு சுற்று ஆடாமற் போவதா என்று அவர்க்குத் தோன்றியது. ஒருவருக்கும் அறிவிக்காமல், அமைதியாக ஆடித் திரும்பலாம் என்பது அவர் எண்ணம். அவர் திடலை அடைவதற்குள் செய்தி ஊரெங்கும் பரவிவிட்டது. கடைக்காரர்கள் கடைகளை மூடிவிட்டு வந்தனர். ஆயிரக்கணக்கானோர் திடலின் இருமருங்கும் நின்றனர். அங்கே பட்டம் இல்லை, பரிசு இல்லை, எதிரி இல்லை. அண்மையில் ஆடிய சுற்றுகளில் அவர் ஆட்டம் சிறப்பாக இருந்ததும் இல்லை. ஆயினும் அன்று முதல் சில குழிகளில், பழைய ஜோன்ஸே திரும்பி வந்தாற்போல் மட்டை அவர் கையில் இயங்கிற்று. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பந்தை எடுத்துக்கொண்டு விலகிய அதே பதினோராம் குழியையும் அவர் கூட்டத்தோடு கடந்து சென்றார்.

தண்டுவடத்தைத் தாக்கும் கொடிய நோய் ஒன்றால் 1948ஆம் ஆண்டோடு அவரால் மட்டை பிடிக்க இயலாமற் போயிற்று. பத்தாண்டுகள் கழித்து, 1958ஆம் ஆண்டில், செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தார் அவரை அழைத்துத் தம் நகரின் உரிமைக் குடியாக ஏற்றுச் சிறப்புச் செய்தனர். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் பெஞ்சமின் பிராங்க்ளினுக்குப் பின், அப்பெருமை பெற்ற அமெரிக்கர் அவரே. ஊன்றுகோலின் துணையோடு எழுந்து நின்று அவர் நன்றி கூறியபோது, வென்ற பதின்மூன்று பட்டங்களைப் பற்றி மிகுதியாகப் பேசவில்லை. அந்த ஊர் மக்களைப் பற்றியும், முதலில் தாம் வெறுத்துப் பின்னர் நேசிக்கக் கற்ற அவர்களுடைய திடலைப் பற்றியுமே பேசினார்.